எட்டாந்திணை: அமெரிக்க ஸ்டேக் ஹவுஸின் முதல், கரு, உரி

அகத்திணை ஏழு என்று வகுத்து வைத்துவிட்டுப் போய்விட்டார்கள் நம் முன்னோர். நடுவே குறிஞ்சி முதலாய ஐந்து, முன்னே கைக்கிளை, பின்னே பெருந்திணை. அதற்குப் பிறகு வந்த உரையாசிரியர்கள் ஒருவரோடொருவர் எல்லாவற்றுக்கும் சண்டை போட்டார்கள், இந்த எண்ணிக்கையில் மட்டும் கை வைக்கவில்லை. இக்கட்டுரை வைக்கிறது. தனக்கென நிலமும் பொழுதும் உணவும் பறையும் உடைய ஒரு திணை, அமெரிக்க நெடுஞ்சாலைகள் ஊருக்குள் பிரியும் இடங்களிலெல்லாம், ஆய்வாளர் கண்ணில் படாமல் கிடக்கிறது. சங்கிலித்தொடர் ஸ்டேக் ஹவுஸைச் சொல்கிறேன்.

ஆய்வு எல்லையை வரையறுத்துக்கொள்வது மரபு. வெள்ளை விரிப்பு போட்டு, ஒயின் பட்டியலை நீட்டி, உருளைக்கிழங்குக்குத் தனி விலை போடும் ரூத்ஸ் கிறிஸ், மோர்ட்டன்ஸ் வகையறா நம் எல்லைக்கு அப்பால். காரை விட்டு இறங்காமலே பொட்டலம் வாங்கிப் போகும் பர்கர் கடைகள் இப்பால். இரண்டுக்கும் இடையில், உட்கார்ந்தால் பரிமாற ஆள் வரும், ஆனால் அரைக்கால் சட்டையோடு போனாலும் யாரும் முறைக்கமாட்டார்கள் என்ற நடுநிலத்தில் வாழ்பவை டெக்சஸ் ரோட்ஹவுஸ், அவுட்பேக், லாங்ஹார்ன் போன்றவை. இவற்றின் பங்காளிகளான ஆலிவ் கார்டனும் ரெட் லாப்ஸ்டரும் சான்று சொல்ல மட்டும் அழைக்கப்படுவார்கள்.

முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். இத்திணையின் நிலம் வாகன நிறுத்துமிடமும் வாகன நிறுத்துமிடம் சார்ந்த இடமும். ஒருபுறம் ஹோம் டிப்போ, மறுபுறம் டார்கெட், நடுவே நியான் விளக்கு பூட்டிய தனிக் கட்டடம். நடந்து வந்து சேர வழி கிடையாது. நடைபாதை என்று ஒன்று இருந்தாலும் பாதியில் புல்லுக்குள் போய் முடிந்துவிடும். பெரும்பொழுது ஆண்டு முழுவதும், ஏனென்றால் உள்ளே எப்போதும் ஏசியின் முன்பனிக்காலம். சிறுபொழுது வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி. டெக்சஸ் ரோட்ஹவுஸின் பல கிளைகள் வார நாள்களில் மதியம் கதவையே திறப்பதில்லை ஆகலின், மாலை இத்திணைக்கு உரித்தாதல் பெற்றாம்.

நிலத்தைப் பற்றிப் பேசும்போது பிறப்பிடச் சிக்கல் ஒன்று குறுக்கிடுகிறது. திணை மயங்கலாம், ஆனால் ஒரு நிலத்தோடு இன்னொரு நிலம் கலக்கக் கூடாது என்று தொல்காப்பியர் கறாராகச் சொல்லியிருக்கிறார். ஸ்டேக் ஹவுஸ் நிறுவனர்கள் ஒருவர்கூடப் பொருளதிகாரம் படித்ததாகத் தெரியவில்லை. டெக்சஸ் ரோட்ஹவுஸ் 1993-இல் பிறந்தது இண்டியானா மாநிலத்துக் கிளார்க்ஸ்வில்லில்; தலைமையகம் ஆற்றைத் தாண்டிக் கென்டக்கியின் லூயிவில்லில். நிறுவியவர் கென்ட் டெய்லர். முதல் ஐந்து கடைகளில் மூன்று படுத்துவிட்டன என்பதைத் தற்செயல் என்று விடலாமா, நில மயக்கத்துக்குத் தெய்வம் கொடுத்த தண்டனை என்று கொள்ளலாமா என்பது அறிஞர்கள் விவாதிக்க வேண்டியது. டெக்சஸின் நீண்ட கொம்பு மாட்டைப் பெயரில் ஏற்ற லாங்ஹார்ன், 1981-இல் ஜார்ஜியாவின் அட்லாண்டாவில் தோன்றியது. டெக்சஸின் ஒற்றை நட்சத்திரத்தைப் பெயராக்கிய லோன் ஸ்டார், 1989-இல் வட கரோலினாவில். ஹூஸ்டன்ஸ் என்ற கடை 1977-இல் டென்னசியின் நாஷ்வில்லில். பெயர்ப்பலகையில் எந்த ஊர் இருக்கிறதோ அந்த ஊரில் கடை பிறந்திருக்காது என்பது நம் முதல் துணிபு.

இதற்கு எதிர்ச்சான்று காட்டுவோர் உண்டு. சால்ட்கிராஸ் ஸ்டேக் ஹவுஸ் டெக்சஸ் வேடம் போடுகிறது, 1991-இல் டெக்சஸின் ஹூஸ்டனிலேயே தொடங்கியும் இருக்கிறதே என்பார்கள். அதைப் புறநடை என்று ஒதுக்கி மேலே செல்க. புறநடை இல்லாத இலக்கணம் தமிழில் கிடையாது.

மயக்கத்தின் உச்சம் அவுட்பேக். 1988-இல் ஃபுளோரிடாவின் டாம்பாவில் தொடங்கிய கடை. 'க்ரொக்கடைல் டண்டீ' படம் 1986-இல் வந்து அமெரிக்கா முழுவதும் ஆஸ்திரேலியப் பித்து பிடித்திருந்த நேரம். நிறுவனர்கள் ஆஸ்திரேலியாவை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. வேண்டுமென்றேதான் போகவில்லை என்று பின்னாளில் அவர்களே சொன்னார்கள். போயிருந்தால் உண்மை தெரிந்து தொலைத்திருக்கும். இன்னும் பின்னே போனால் இதையும் விஞ்சிய வழக்கு ஒன்று கிடைக்கிறது. 'பொனான்ஸா' என்ற தொலைக்காட்சித் தொடரின் கதை நடப்பது நெவாடாவில். அதில் நடித்த டான் பிளாக்கர், 1963-இல் கனெக்டிகட்டில் பொனான்ஸா ஸ்டேக் ஹவுஸைத் தொடங்கினார். இரண்டு ஆண்டு கழித்து இண்டியானாவில் பாண்டரோசா என்று இன்னொரு கடை வந்தது. பாண்டரோசா என்பது அதே தொடரில் வரும் பண்ணையின் பெயர். அதாவது இல்லாத பண்ணையின் மாட்டை இருக்கிற ஊரில் விற்றிருக்கிறார்கள். கற்பனை நிலத்தில் உண்மையான பசி என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு அகத்துறையில் இல்லை.

இனிக் கருப்பொருள். தெய்வம்: மூலைக்கு மூலை மாட்டிய தொலைக்காட்சிப் பெட்டியில் ஓடும் விளையாட்டு. மரம்: சுவர் முழுக்க அறைந்த பலகை, வார்னிஷ் மணக்கும். மா, அதாவது விலங்கு: சுவரில் கொம்பாகவும் தட்டில் துண்டாகவும் மட்டுமே காணப்படும். மற்ற திணைகளில் யானையும் மானும் உயிரோடு உலவ, தன் கருப்பொருள் விலங்கைத் தின்றே தீர்க்கும் திணை இது ஒன்றுதான். பறை: பிறந்தநாள் கொண்டாடுபவரைக் குதிரைச் சேணத்தில் ஏற்றி வைத்துப் பணியாளர்கள் சுற்றி நின்று எழுப்பும் 'யீ-ஹா' முழக்கம். சேணத்தில் ஏறியவர் முகத்தில் தோன்றும் மெய்ப்பாடு இளிவரல்.

உணவு என்ற இடத்தில் கறி என்று எழுதத்தான் எவர் கையும் போகும். போகக் கூடாது. இத்திணையின் உணவு ரொட்டி.

டெக்சஸ் ரோட்ஹவுஸில் உங்கள் பெயரைக் கூப்பிட்டு மேசைக்கு அழைத்துப்போகும் பெண்ணின் ஒரு கையில் மெனு இருக்கும், மறுகையில் ரொட்டிக் கூடை இருக்கும். நீங்கள் அவர் பின்னால் நடக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வீர்கள். நடப்பது ரொட்டியின் பின்னால். சற்றே சதுரமான சிறு ரொட்டிகள். ஒன்றோடொன்று ஒட்டி வெந்து, பிய்த்தெடுத்த பக்கம் வெள்ளையாக, பஞ்சுபோல் இழை இழையாக நிற்கும். மேலே தடவிய வெண்ணெயில் தோல் பளபளக்கும். கூடவே ஒரு சின்னக் கிண்ணத்தில் தேனும் லவங்கப்பட்டையும் அடித்துக் கலந்த வெண்ணெய். சூடான ரொட்டியைப் பிட்டு அதன் வயிற்றில் ஒரு கரண்டி வைத்தால் வெண்ணெய் ஓரம் மட்டும் உருகி நடுவில் குழையாமல் நிற்கும். அந்த நொடியில் வாயில் போட வேண்டும். இதற்கெல்லாம் காசு கிடையாது. கூடை காலியானால் மறுகூடை வரும், அதற்கும் கிடையாது. மாட்டுக்கறியைக் கடையிலேயே கையால் அரிந்து கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி வைக்கிறார்கள். அரிபவர்களுக்கென்று நாடளாவிய போட்டியைப் பனிச்சறுக்கு அரங்குகளில் நடத்துகிறார்கள். ஆனாலும் அந்தக் கடையை மெச்சும் எவரையும் பேசவிட்டுப் பாருங்கள், முதல் வாக்கியம் ரொட்டியில்தான் தொடங்கும். 2024-இல் ஆலிவ் கார்டனை விற்பனையில் முந்தி, அமெரிக்காவில் இவ்வகைக் கடைகளுள் முதலிடத்துக்கு வந்தது இந்தச் சங்கிலி. முந்தியவர், முந்தப்பட்டவர் இருவருமே இலவச ரொட்டிக்காரர்கள் என்பது குறிப்பால் உணரத்தக்கது.

ஆலிவ் கார்டன் ரொட்டியின் வழக்கு பங்குச்சந்தை வரை போனது. அதன் தாய் நிறுவனம் டார்டன். லாங்ஹார்னும் அதே வீட்டுப் பிள்ளைதான். 2014-இல் ஸ்டார்போர்டு வேல்யூ என்ற முதலீட்டு நிறுவனம், டார்டன் நிர்வாகத்தைச் சாடி 300 பக்கத்துக்குச் சற்றே குறைவான ஓர் அறிக்கை வெளியிட்டது. பாஸ்தா கொதிக்கும் தண்ணீரில் உப்புப் போடுவதை நிறுத்திவிட்டார்கள், பாத்திரத்தின் உத்தரவாதக் காலத்தை நீட்டிக்கவாம் என்று அதில் ஒரு குற்றச்சாட்டு. ரொட்டி பற்றியது இன்னும் நுட்பம்: ஆளுக்கு ஒன்று, மேசைக்குக் கூடுதலாக ஒன்று என்பது விதி; பரிமாறுபவர்கள் விதியை மீறி அள்ளி வைக்கிறார்கள்; வைத்த ரொட்டி ஏழே நிமிடத்தில் தரம் கெடத் தொடங்குகிறது. நான் படித்தவற்றுள் ரொட்டியின் ஆயுளை நிமிடக் கணக்கில் ஆராய்ந்த ஒரே நூல் இந்த முதலீட்டு அறிக்கைதான். நம் பல்கலைக்கழக ஆய்வேடுகளில் பாதிக்கு இந்தக் கூர்மை கிடையாது. அந்த ஆண்டே பங்குதாரர்கள் டார்டனின் இயக்குநர் குழுவை முழுவதும் மாற்றினார்கள். பன்னிரண்டு இயக்குநர்கள் போனார்கள். வரம்பில்லா ரொட்டி போகவில்லை.

இலவசமும் வரம்பின்மையும் ரொட்டிக்கே பொருந்தும் என்பதை ரெட் லாப்ஸ்டர் எதிர்மறையால் நிறுவியது. 2023-இல் அந்தச் சங்கிலி, 20 டாலருக்கு இறால் வேண்டுமட்டும் என்ற சலுகையை நிரந்தரமாக்கியது. மக்கள் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், எழுந்திருக்கவில்லை. ஒரே காலாண்டில் ஏறத்தாழ 1.1 கோடி டாலர் நட்டம். 2024 மே மாதம் திவால் மனு. உண்மையில் இறாலின் தலையில் மட்டும் பழியைக் கட்டுவது நியாயமில்லை. 2014-இல் கடை கைமாறியபோது அதன் மனைகளை விற்றுவிட்டு, அதே இடங்களுக்கு வாடகை கட்டும் நிலைக்குக் கொண்டுவந்தவர்கள் இறால் தின்னவே இல்லை. ஆனாலும் அதே கடை 1992 முதல் செடார் பே பிஸ்கட்டுகளை வாரி வழங்கிவருகிறது, அதனால் திவாலானதாக யாரும் சொல்லவில்லை. பல்பொருள் அங்காடிகளில் அந்தப் பிஸ்கட் மாவுப் பொட்டலமாகவே கிடைக்கிறது. கடற்பிராணியின் பெயரை வைத்த கடையிலிருந்து ஜனங்கள் வீட்டுக்குக் கொண்டுபோக விரும்பியது மாவை.

கறியைப் பற்றி ஏதாவது சொல்லாவிட்டால் மாட்டுக்கு மரியாதை இல்லை. ரேர், மீடியம் ரேர், மீடியம், மீடியம் வெல், வெல் டன் என்று பக்குவம் ஐந்து. ஐந்திணைக்கு ஐந்து என்று பொருத்திக் காட்டும் ஆசையை அடக்கிக்கொள்கிறேன். மீடியம் ரேர் என்றால் நடுக்கறியின் வெப்பம் சுமார் 130 முதல் 135 ஃபாரன்ஹீட். வெட்டினால் சிவப்பாகக் கசிவது ரத்தமன்று, மயோகுளோபின் என்னும் தசைப் புரதம் கலந்த நீர். இதைத் தமிழ்க் குடும்பங்களில் எத்தனை முறை விளக்கினாலும் 'வெல் டன்' என்ற விடைதான் வரும். வெல் டன் கறியின் சுவைக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று மெனுவிலேயே அச்சடித்த கடைகள் உண்டு. மனம் புண்படத் தேவையில்லை. நம்மவர் வாங்கும் கறி மறுநாள் வீட்டில் மிளகுத்தூளும் கறிவேப்பிலையும் சேர்ந்து மறுபிறவி எடுப்பது அவர்களுக்குத் தெரியாது.

அலுவலக விருந்துக்கு இழுத்துவரப்பட்ட சைவர் நிலை தனித்து ஆராயத்தக்கது. பீன்ஸ் இருக்கிறதே என்று நம்பிக் கேட்டால் பல இடங்களில் அதற்குள்ளும் பன்றிக்கறித் துணுக்கு கிடக்கும். அவருக்கு விதிக்கப்பட்டவை சுட்ட உருளைக்கிழங்கு, அவுட்பேக் என்றால் பூப்போல் விரித்து மாவில் தோய்த்துப் பொரித்த முழு வெங்காயம். டாம்பாக்காரர்கள் ஆஸ்திரேலியா என்று பெயர் சூட்டி விற்கும் அந்தப் பண்டம், நம்மூர் வெங்காய பஜ்ஜி அமெரிக்கா போய்க் குண்டடித்தது போலிருக்கும். பிறகு இருக்கவே இருக்கிறது ரொட்டி. இத்திணையின் உணவை முழுமையாக, வேறு கவனமின்றி, கடைசிவரை உண்பவர் அவர் ஒருவரே ஆகலின், ஸ்டேக் ஹவுஸின் உத்தமத் தலைமகன் சைவரே என்க.

எஞ்சியது உரிப்பொருள். அது காத்திருத்தல். உள்ளே நுழைந்ததும் பெயர் கேட்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் பஸ்ஸரைத் திணித்து, 'நாற்பது நிமிடம்' என்பார்கள். முன்பெல்லாம் வாளியில் குவிந்த வேர்க்கடலையை உடைத்துத் தோலைத் தரையில் போட்டபடி நேரத்தை ஓட்டலாம். நடக்கையில் காலடியில் நொறுங்கும் அந்தச் சத்தமே இத்திணைக்கு யாழ். இப்போது பல இடங்களில் தோல் தரைக்கு வருவதில்லை, கடலை பையில் வருகிறது, யாழ் ஓய்ந்துவிட்டது.

இங்கே ஒரு தடை எழுப்பப்படும். மாலைப் பொழுது, இருத்தல் ஒழுக்கம், வந்து சேர வேண்டிய தேருக்குப் பதில் நிறுத்த இடம் தேடும் மினிவேன். இது முல்லைதானே, புதுத் திணை எதற்கு? ஆகாது. முல்லைத் தலைவி காத்திருந்தது ஒரு முறை. இங்கே வாசலில் காத்திருந்தவர், மேசை கிடைத்தபின் கறிக்காக மீண்டும் காத்திருக்கிறார். இந்த இரண்டாம் இருத்தலை இனிதாக்கும் பொருட்டே ரொட்டி படைக்கப்பட்டது. அடுப்பில் கறி பக்குவப்படும் வரை வாடிக்கையாளர் பொறுக்க வேண்டும். வாயில் ரொட்டி உள்ளவர் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.

திணை நிறுவப்பட்டது, துறைகளை வகுக்கும் பணி வருங்காலப் புலவர்களுக்கு. வழிகாட்டியாகச் சில மட்டும் தருகிறேன். நாற்பது நிமிடம் என்றவள் சொல் பொய்த்தவழித் தலைவி தோழிக்கு உரைத்தது. பிறர் கைப் பஸ்ஸர் ஒளிரக் கண்டு தலைவன் ஆற்றானாய்க் கூறியது. இரண்டாம் கூடை கேட்கக் கூசிய தலைவனைத் தோழி இடித்துரைத்தது. ரொட்டியால் வயிறு நிறைந்தபின் கறி வரக் கண்ட தலைவன் தன் நெஞ்சிற்குச் சொல்லி, டப்பா கேட்டது.