பச்சைக் குளத்து அங்கிள்

பச்சைக் குளத்து அங்கிள் என்பவர், வீட்டுக்குப் பின்னால் நீச்சல் குளம் கட்டிவிட்டு, அதன் தண்ணீரைத் தெளிவாக வைத்திருக்கத் தெரியாமல் திண்டாடும், மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர். கிள்ளான், ஷா ஆலம், சுபாங், பெட்டாலிங் ஜெயா பங்களா வரிசைகளில் காணப்படுகிறார். கொண்டோவாசி இந்த வகையில் சேர மாட்டார். அங்கே குளத்துக்கு நிர்வாகம் பொறுப்பு. நிறம் மாறினால் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். பிரிக்ஃபீல்ட்ஸிலும் அங்கிளைப் பார்க்க முடியும். வாழையிலைச் சாப்பாட்டுக்காகவும் நாலு பேரிடம் யோசனை கேட்பதற்காகவும் வந்திருப்பார். குளம் வெட்ட அங்கே இடம் ஏது?

வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அப்பா தோட்டத்தை விட்டு வெளியேறி, லோரி ஓட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். அந்தக் காலத்தில் நீச்சல் குளம் என்றால் துரைமார் கிளப்போடு சேர்ந்த சங்கதி. மற்றவர்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. பேரன் சொந்தமாகக் குளம் கட்டும்போது மூன்று தலைமுறைக் கணக்கு ஒன்று தீர்கிறது. கேலி செய்கிறவர்கள் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அங்கிளுக்கு நீந்தத் தெரியுமா என்பது வேறு விஷயம். பெரும்பாலும் தெரியாது. ஆழம் குறைந்த பக்கத்துப் படியில், முழங்கால்வரை நனைய உட்கார்ந்து பேப்பர் படிப்பார். முருங்கை வைக்கலாம் என்று சொல்லி வைத்திருந்த இடத்தில் குளம் வந்துவிட்டதை ஆன்ட்டி இன்னும் மன்னிக்கவில்லை.

வீட்டுக் குளம் ஒன்று 10 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.4 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொண்டால், பெருக்கிவர 56 கன மீட்டர், அதாவது 56,000 லிட்டர். குளத்தில் எதைக் கொட்டுவதானாலும் கணக்கு இந்த எண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும். அங்கிள் ஒருநாளும் பெருக்கிப் பார்த்ததில்லை. காரின் சிசி, நிலத்தின் சதுர அடி, மகளின் மருத்துவப் படிப்புக்கு ஆன செலவு எல்லாம் நாக்கு நுனியில் நிற்கும். குளம் எத்தனை லிட்டர் என்று கேட்டால் மட்டும், "பெரிய குளம்லா" என்பார்.

பச்சைக்குக் காரணம் பாசி. அதன் வித்துகள் காற்றிலும் மழையிலும் ஓயாமல் வந்து விழுகின்றன. தண்ணீரில் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் குளோரின் இருக்கும்வரை தலையெடுப்பதில்லை. வெளிநாட்டுக் கையேடுகளில், குளிர்காலத்துக்குக் குளத்தை மூடி வைப்பது எப்படி என்று ஓர் அத்தியாயம் இருக்கும். கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிடலாம். ஆண்டு முழுவதும் தண்ணீர் வெதுவெதுப்பு குறைவதில்லை. உச்சி வெயில், வெயிலிலிருந்து காக்கும் மருந்து சேராத குளோரினில் பெரும்பகுதியைச் சில மணி நேரத்தில் தின்றுவிடும். சாயங்காலம் இடியோடு வரும் மழை மிச்சத்தை நீர்க்கச் செய்து, கூரைத் தூசியையும் புல்தரை உரத்தையும் கொண்டுவந்து சேர்க்கும். தைப்பூசத்துக்குப் பத்து மலை போய், உறவுக்காரர் வீட்டில் இரண்டு நாள் தங்கித் திரும்பினால் போதும், தண்ணீர் செண்டோல் நிறத்துக்கு வந்திருக்கும்.

பாசிக்கு அங்கிள் செய்யும் உதவியும் சேர்கிறது. பம்ப் மணிக்கு 10 கன மீட்டர் இழுக்குமானால், குளத்துத் தண்ணீர் முழுவதும் ஒருமுறை மணல் வடிகட்டியைக் கடந்துவர ஆறு மணி நேரம் ஆகும். தெனாகா மின்சார பில்லை நினைத்து அங்கிள் இரண்டு மணி நேரத்தில் பம்ப்பை நிறுத்திவிடுவார். ஒரு குதிரைசக்தி பம்ப் மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட்தான் இழுக்கும். அதில் மிச்சம் பிடித்ததை மாதக் கடைசியில் குளோரின் வாளியாக ஹார்ட்வேர் கடைத் தௌக்கேயிடம் கொடுத்துவிட்டு வருவார்.

பச்சையை ஒப்புக்கொள்வதற்குச் சில நாள் பிடிக்கும். முதலில் வெளிச்சம் அப்படி என்பார். பிறகு மாமரத்தின் நிழல். அதற்கும் பிறகு, "தண்ணியே இப்படித்தான் வருது" என்று பழி ஆயர் சிலாங்கூர் மேல் விழும். குழாய்த் தண்ணீர் குளோரின் கலந்தே வருகிறது; வந்து சேர்ந்தபின் அதைக் காப்பாற்றுவது குளத்துக்காரர் பொறுப்பு. பக்கத்து வீட்டுப் பையன் வேலி வழியாக எட்டிப் பார்த்து, "அங்கிள், மீன் வளக்கிறீங்களா?" என்று கேட்கும் நாளில்தான் நோய் ஒப்புக்கொள்ளப்படுகிறது.

அடுத்தது யோசனைப் படலம். மாமாக் கடையில் தே தாரேக்கோடு நடக்கும். ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிராணி மயில்துத்தம் போடச் சொல்வார். பாசியை அது கொல்லும் என்பது உண்மைதான். செடிகொடிகளின் பூஞ்சைக்கு அடித்த மருந்திலும் அது உண்டு. அளவு மீறினால் செம்பு தண்ணீரிலேயே தங்கி, பாசி செத்த பிறகும் பச்சை போகாது. சுவரில் கறை படியும், நரைத்த தலையிலும் பச்சை ஏறும். மச்சான் ஒருவர் கப்பி மீன் விடச் சொல்வார். இன்னொருவர் சுண்ணாம்பு என்பார். சுண்ணாம்பு பிஎச் அளவை ஏற்றிவிடும், பிஎச் 7.5-இல் குளோரினில் பாதியளவு வீரியத்தோடு வேலை செய்கிறது, 8.5-க்குப் போனால் பத்தில் ஒரு பங்குதான். கிழவி ஒருத்தி படிகாரம் என்பாள். கூட்டத்திலேயே பாதி சரியாகச் சொன்னது அவள்தான். கலங்கல் தண்ணீரைப் படிகாரம் தெளியவைக்கும். ஆனால் முதலில் பாசி சாக வேண்டும், பம்ப் நிற்க வேண்டும், ராத்திரி முழுக்கத் தண்ணீர் அசையாமல் கிடக்க வேண்டும், அடியில் படிந்ததை வடிகட்டிப் பக்கம் விடாமல் நேரே வெளியே உறிஞ்சித் தள்ள வேண்டும். கிழவி இவ்வளவும் சொல்வதற்குள் அங்கிள் பில் கட்டப் போய்விட்டிருப்பார்.

அவர் எந்த யோசனையையும் தள்ளுவதில்லை. எல்லாவற்றையும் ஒரே சனிக்கிழமையில் செய்வார். காலையில் மயில்துத்தம், பதினொரு மணிக்குச் சுண்ணாம்பு, பம்ப் ஓடும்போதே படிகாரம். வடிகட்டி மணல் கட்டி தட்டிப்போகும். நண்பகலில், வெயில் நன்றாக உறைக்கட்டும் என்று காத்திருந்து, குளோரின். கப்பி மீன்கள் வெள்ளிக்கிழமையே விடப்பட்டிருந்தால் அவற்றைப் பற்றி எழுதாமல் விடுவதே மரியாதை.

சோதனைப் பெட்டி அங்கிளிடம் இல்லாமல் இல்லை. குளம் கட்டிய காண்டிராக்டர் இனாமாகக் கொடுத்தது, ஸ்டோர் அறையில் இருக்கும். உள்ளே இரட்டைக் குழியுள்ள சிறு கண்ணாடி, இரண்டு சொட்டு மருந்துப் புட்டி, நிற அட்டை. மருந்து காலாவதியாகிப் பல தீபாவளி கடந்திருக்கும். மகள் புதிது வாங்கித் தந்தாலும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பாக மாறும் மருந்து, குளோரின் அளவுக்கு மீறிப் போனால் வெளுத்து, நிறமே காட்டாது. அங்கிள் கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "பார்த்தியா, துளிகூட இல்ல" என்று மேலும் இரண்டு கிலோ கொட்டுவார். அதே ஸ்டோர் அறையில் குளோரின் மாத்திரை வாளி, குளோரின் தூள் வாளி, ஆசிட் கேன், மிச்சமான மத்தாப்புப் பெட்டி எல்லாம் ஒரே தட்டில் இருக்கும். இது மட்டும் சிரிக்கும் விஷயமில்லை. மாத்திரையும் தூளும் ஒன்றில் ஒன்று கலந்தால் தீப்பற்றும். ஆசிட் பட்டால் நச்சு வாயு கிளம்பும்.

நெருக்கிக் கேட்பவர்களுக்கு அங்கிள் ரியோ ஒலிம்பிக்கை எடுத்துக்காட்டுவார். அதில் நியாயம் உண்டு. 2016 ஆகஸ்ட் 9-ஆம் தேதி, ரியோ டி ஜெனிரோவின் மரியா லெங்க் நீர்விளையாட்டு அரங்கில் டைவிங் குளம் பச்சையாகிவிட்டது. அதே நாளில் அதே தண்ணீரில் குதித்துத்தான் மலேசியாவின் பாண்டெலேலா ரினோங்கும் சியோங் ஜுன் ஹூங்கும் 10 மீட்டர் இணை டைவிங்கில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார்கள். ஒப்பந்தக்காரர் 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடைக் குளத்தில் ஊற்றியதும், அது குளோரினைச் செயலிழக்கச் செய்து பாசி வளர விட்டதும் பிறகு தெரியவந்தது. பக்கத்துக் குளமும் கெட்டு, ஏறத்தாழ 37 லட்சம் லிட்டர் தண்ணீரை மாற்ற வேண்டியதாயிற்று. "ஒலிம்பிக்லயே பச்சைத் தண்ணிதான்" என்பதோடு அங்கிள் கதையை நிறுத்திக்கொள்வார். அங்கேயும் யாரோ யோசிக்காமல் எதையோ ஊற்றினார்கள் என்ற பகுதி சொல்லப்படுவதில்லை.

பச்சைக் குளத்துக்கும் ஒரு காலம் வரும். 2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்றில் கழிவு கலந்து, நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டு, பள்ளத்தாக்கின் பெரும்பகுதி வறண்டது. அத்தகைய நாள்களில் கழிவறைக்கு ஊற்ற 56,000 லிட்டர் கைவசம் உள்ளவர் தாமானின் பெரிய மனிதர். வேலியோரம் கேலி பேசிய வீடுகளிலிருந்து வாளிகள் வரும். அங்கிள் நிறத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்லாததைக் கவனித்தபடி, பெருந்தன்மையோடு மொண்டு கொடுப்பார். குழாயில் தண்ணீர் வந்ததும் மரியாதை போய்விடும். டிங்கி சோதனைக்கு வரும் சுகாதார அதிகாரிகள் வாளிக்கு மயங்குகிறவர்கள் அல்லர். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கொசுப்புழு கண்டால் 500 வெள்ளி வரை கொம்பாவுண்ட் அபராதம் போடலாம். டார்ச் விளக்கோடு அவர்கள் குனியும்போது அங்கிள் முகத்தில் ஓடும் கவலை, எந்தப் பரீட்சை முடிவுக்கும் ஓடியிருக்காது.

கடைசியில் பூல்காரர் அழைக்கப்படுகிறார். அதுவும் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது, அதாவது அக்டோபர், நவம்பர் அடைமழைக்கு நடுவில். பழைய வேனில் வரும் இளைஞர் அவர்.

"அங்கிள், எத்தனை லிட்டர்?"

"பெரிய குளம் தம்பி."

"பிஎச் பார்த்தீங்களா?"

"பார்த்தேனே, பச்சையா இருக்கு."

பூல்காரர் பதில் பேசாமல் வெள்ளை வாளி ஒன்றில் தண்ணீர் மொண்டு வைப்பார். கலங்கலாக இருந்தால் பாசி. தெளிந்தும் நிறம் போகாவிட்டால் செம்பு. பாசிதான் என்று தெரிந்ததும், இலைதழைகளை வலையால் அள்ளிவிட்டு, ஆசிட் சேர்த்து பிஎச்சை 7.2-க்கு இறக்குவார். குளோரின் வெயில் சாய்ந்த பிறகுதான். 56,000 லிட்டரில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் ஏற்ற 560 கிராம் குளோரின் வேண்டும். 65 சதவீதத் தூளானால் 860 கிராம். வாளியில் முதலில் தண்ணீர், அதன்மேல் தூள். மாற்றிச் செய்யக் கூடாது. கரைத்து ஊற்றிவிட்டுச் சுவர், படி, மூலை எல்லாம் பிரஷ் போடுவார், ஒட்டிய பாசிக்குள் மருந்து இறங்குவதில்லை என்பதால். பம்ப் இரவும் பகலும் ஓடும். வடிகட்டியின் அழுத்தமானி வழக்கத்தைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறும்போதெல்லாம், பம்ப்பை நிறுத்தி, வால்வைத் திருப்பி, மணலைப் பின்னோக்கிக் கழுவுவார். பம்ப் ஓடும்போதே வால்வைத் திருப்பி உள்ளிருக்கும் ரப்பரைக் கிழித்தவர் யார் என்று கேட்க மாட்டார்.

ஒட்டுமொத்தமாக இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டால் என்ன என்று அங்கிள் இந்த நேரத்தில் கேட்பார். கிள்ளான் தாழ்ந்த பூமி. நிலத்தடி நீர் மேலாக நிற்கும் இடத்தில் காலிக் குளத்தைக் கீழிருக்கும் தண்ணீரே தூக்கி, தரையை வெடிக்க வைத்துவிடும். குளோரின் மாத்திரைகளை வருஷக்கணக்கில் போட்டுவந்த குளத்தில், அவற்றிலுள்ள சயனூரிக் அமிலம் சேர்ந்துபோய்க் குளோரினை மந்தமாக்கும். அது லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால் மட்டும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுவார்கள்.

இரண்டாம் மூன்றாம் நாள் பச்சை போய், தண்ணீர் பால் கலந்த சாம்பல் நிறத்துக்கு வரும். செத்த பாசி மிதக்கிறது. வைத்தியம் பலிக்கிறது என்று பொருள். அங்கிள் இதைப் புது வியாதி என்று முடிவுகட்டிக் கடைக்குக் கிளம்புவது இந்தக் கட்டத்தில்தான். கிளம்பாமல் பிடித்து வைப்பது ஆன்ட்டியின் பொறுப்பு. குளோரினைத் தினமும் சாயங்காலம் சரிக்கட்டி, வடிகட்டியைக் கழுவிக்கொண்டே இருந்தால், ஒரு வாரத்துக்குள் அடியிலுள்ள வடிகால் மூடியின் திருகுகள் கண்ணுக்குத் தெரியும். இரவில் அளந்த குளோரின் காலையில் 1 மில்லிகிராமுக்கு மேல் குறையாமல் இருந்தால் பாசி செத்துவிட்டது. 3 மில்லிகிராம் அளவுக்கு இறங்கியபின் குளிக்கலாம்.

வரும் தீபாவளிக்கு இப்படிப்பட்ட வீட்டுக்குப் போகிறவர்கள், குளத்தைப் பார்த்ததும் வாயில் வரும் யோசனையை முறுக்கோடு சேர்த்து மென்று விழுங்கிவிட வேண்டும். லட்டுப் பெட்டிக்குப் பதிலாகக் காலாவதியாகாத சோதனைப் பெட்டி ஒன்றைக் கொண்டுபோய் ஆன்ட்டி கையில் கொடுப்பது நல்லது.