கப்பலுக்கும் ஒரு வீடு

கேள்வி: கப்பல் கட்டும் தளத்துக்குப் பழைய கிரேக்க மொழியில் என்ன சொல்?

பதில்: ஒன்று கேட்டால் மூன்று கிடைக்கும். கப்பலைக் கட்டும் இடம் ‘நௌபேகியோன்’. ‘நௌஸ்’ என்றால் கப்பல். பின்பாதி, பொருத்தி இறுக்குவதைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. கட்டியவற்றை வைத்துப் பராமரிக்கும் கடற்படைத் தளம் ‘நெயோரியோன்’.

மூன்றாவதுதான் அழகு: ‘நெயோசொய்கோய்’, அதாவது கப்பல் வீடுகள். ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில் கி.மு. 330 வாக்கில் இப்படி 372 வீடுகள் இருந்ததாகக் கல்வெட்டுக் கணக்கு. 170 பேர் துடுப்புப் போடும் போர்க்கப்பலைச் சாய்தளத்தில் இழுத்துக் கரையேற்றி, கூரைக்கு அடியில் காயவிடுவார்கள். தண்ணீரிலேயே கிடந்தால் பலகை ஊறிக் கனத்துப்போகும். கப்பல் புழு வேறு துளைத்துவிடும்.

அதற்கு முன்பே ஒரு கூத்து நடந்தது. கி.மு. 404இல் ஆட்சியைப் பிடித்த ‘முப்பது கொடுங்கோலர்கள்’, 1,000 தாலந்துக்கு (பழைய கிரேக்கப் பண அளவு) குறையாமல் செலவழித்துக் கட்டிய கப்பல் வீடுகளை, இடித்துக்கொள்ளச் சொல்லி 3 தாலந்துக்கு விற்றார்கள் என்று பொருமுகிறார் ஏதென்ஸின் பேச்சுக்கலை ஆசிரியர் ஐசோக்ரடீஸ். நம் ஊர்ப் பழைய இரும்புக் கடைக்காரர்கூட இன்னும் கொஞ்சம் கொடுத்திருப்பார்!

முதல் சொல் இன்னும் சாகவில்லை. இன்றைய கிரேக்கர்கள் அதை ‘நஃப்பியீயோ’ என்கிறார்கள்.