கூதிர்கால அருவிச் செலவும் பெருங்களத்தூர் ஐந்திணையும்: ஓர் ஆய்வு

1. நோக்கமும் எல்லையும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் ஞாயிற்றுக்கிழமைகளில் இருள் பிரியுமுன் சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் சிலர் முதுகுப்பையோடு கூடுகிறார்கள்; அன்றிரவே நொண்டிக்கொண்டு திரும்புகிறார்கள். இடைப்பட்ட நேரத்தில் மலைச்சுனைக்கும் அருவிக்கும் போய்வந்ததாகச் சொல்கிறார்கள். இக்கூற்றை ஆராய்வதே கட்டுரையின் நோக்கம். ஆய்வு எல்லை வடக்கே ஆந்திரத்து நாகலாபுரம், தடா; தெற்கே வண்டலூர். காலையில் போய் இரவில் திரும்ப முடியாத தொலைவாதலின் குற்றாலம் விலக்கப்பட்டது. கருதுகோள் வருமாறு: அருவிக்குப் போகும் நண்பர் குழு ஒரே நாளில் ஐந்து திணைகளையும் கடக்கிறது, அவற்றுள் மலைக்குரிய குறிஞ்சிதான் கடைசியில் வருகிறது.

2. முன்னோடிகள்

இப்பகுதியில் கல்லும் கரடுமாக அலைந்தோரில் தலையாயவர் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்து, இந்திய வரலாற்றுக்கு முந்தைய காலத்தை வெகுதூரம் பின்னுக்குத் தள்ளினார். அக்கினி நட்சத்திரச் சூடு ஆறாத நாளில் அவர் போனார் என்பதும், அவருக்குக் கிடைத்தது நீரன்று, கல் என்பதும் ஈண்டு நோக்கத்தக்கன. பருவம் தவறிப் போகிறவர்களுக்கு இன்றும் அதுவே கிடைக்கிறது. அண்மைக்காலச் சான்று, 2024 அக்டோபரில் தமிழக வனத்துறை 40 பாதைகளோடு தொடங்கிய மலையேற்றத் திட்டம். அரசும் இதற்கு ஐப்பசியையே தேர்ந்தது.

3. பருவம்

மேலைநாட்டார் சொல்லும் இலையுதிர்காலம் நமக்கு இல்லை. அம்மாதங்களில் இங்கே உதிர்வது மின்கம்பி மேல் முருங்கைக் கிளை. நமக்குள்ளது கூதிர். தொல்காப்பியர் குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் உரிய பொழுதாக்கினார். சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 140 செ.மீ.; அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையில் கொட்டுகிறது. ஆகவே அருவியில் நீர் விழுகிற காலமும் இதுவே, சிவப்பு எச்சரிக்கை விடுகிற காலமும் இதுவே. நீர் இருந்தால் அனுமதி இல்லை. அனுமதி இருந்தால் நீர் இல்லை. இரண்டுக்கும் நடுவே அமையும் ஓரிரு ஞாயிறுகளைத்தான் நண்பர்கள் தேடுகிறார்கள். அந்த ஞாயிற்றில்தான் யாருக்காவது கல்யாணம் இருக்கும்.

4. ஐந்திணைப் பகுப்பு

மருதம். பொழுது வைகறை, உரிப்பொருள் ஊடல். கூடும் நேரம் நாலரை மணி. டீக்கடையில் இரண்டாவது சுற்றும் முடிந்த பிறகு, வராதவனுக்குப் போன் போகிறது. “மச்சி, கீழ எறங்கிட்டேன்டா” என்கிறான். பின்னணியில் பக்கெட்டில் தண்ணீர் விழும் ஓசை கேட்கிறது. ஒலிபெருக்கியில் இதைக் கேட்ட ஐவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கின்றனர். வாயில் வேண்டுவோர், மறுப்போர் என அணி பிரிகிறது. “விட்டுட்டுப் போலாம்டா” என்பவன் எவனோ, போன முறை தாமதமாக வந்தவன் அவனே.

பாலை. பொழுது நண்பகல், உரிப்பொருள் பிரிதல். நாகலாபுரம் மலையில் ஓடை வழியே ஏறினால் சுனைகள் அடுத்தடுத்து வரும். முதல் சுனையிலேயே “இதுவே போதும்” என்று கால் நனைப்போர் ஒருசாரார். “மேலதான்டா சூப்பரா இருக்கும்” என்போர் மறுசாரார். பிரிந்து அரைமணி கழித்துத்தான் தெரிகிறது: புளிச்சோற்றுப் பொட்டலம் ஏறியவர்கள் பையில், தண்ணீர் பாட்டில் தங்கியவர்கள் கையில். அருவி தலைகாட்டுவது இத்திணையின் இறுதியில். பாசிப் பாறையில் ஒருவர் வழுக்குகிறார். விழும்போதும் கைப்பேசியை உயரத் தூக்கிப் பிடிக்கிறார். கைப்பேசி பிழைக்கிறது, முட்டி பிழைப்பதில்லை.

நெய்தல். பொழுது எற்பாடு, உரிப்பொருள் இரங்கல். ஓடையில் போன ஒற்றைச் செருப்புக்காக இரங்குவது இதன் முதன்மைத் துறை. எஞ்சிய செருப்பை என்ன செய்வது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

முல்லை. பொழுது மாலை, உரிப்பொருள் இருத்தல். வெளிவட்டச் சாலை வண்டலூரில் ஜி.எஸ்.டி. சாலையைத் தொடுமிடத்தில் வண்டி நிற்கிறது. “எங்கடா இருக்க?” என்று வீட்டிலிருந்து அம்மா. “தோ, வண்டலூர்மா, வந்துட்டேன்.” அடுத்த அழைப்பிலும் வண்டலூரே. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபின் பெருங்களத்தூரின் இருத்தல் சற்றுத் தெற்கே நகர்ந்ததேயன்றி ஒழியவில்லை.

குறிஞ்சி. பொழுது யாமம், உரிப்பொருள் புணர்தல். இது தலையணையோடு நிகழ்வது. சான்றோர் இதற்கு மேல் விவரிப்பதில்லை.

5. மறுப்பும் விடையும்

நீரைக் காண ஆந்திர எல்லை தாண்ட வேண்டுமா என்பது மறுப்பு. பக்கத்திலேயே நெடுங்குன்றம் ஏரி இருக்கிறது. குன்றில் பெய்வதைக் கரைகட்டித் தேக்குவதே நம் ஏரி. ஆகவே அதுவும் மலை ஏரியே. நீர் தானாகவே வீடு தேடி வந்ததும் உண்டு: 2015 டிசம்பர் முதல் நாள் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பெய்தபோது முடிச்சூர்க்காரர்கள் படகில்தான் வெளியே வந்தார்கள். அதை அருவி என்று ரசிக்க எவருக்கும் மனம் வரவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் முதலை ஒன்று பெருங்களத்தூர்–நெடுங்குன்றம் பகுதியில் சாலையைக் கடந்த காணொளி ஊரெங்கும் பரவியது. எவருக்கும் போன் செய்யாமல், எவருக்காகவும் காத்திராமல் கிளம்பிய ஒரே நடையாளர் அதுவே. ஆனால் தனியே போனதால் அதற்கு ஊடலும் இல்லை, பிரிதலும் இல்லை. அதன் பயணம் அருவிச் செலவின் இலக்கணத்துள் அடங்காது.

6. முடிவு

நெடுங்குன்றம் ஏரிக்கே போகலாம் என்னும் பரிந்துரை ஒரு நண்பர் குழுவின் முன் வைக்கப்பட்டது. ஒருமனதாகத் தள்ளுபடியானது. “அங்க போனா பத்து மணிக்கே வீட்டுக்கு வந்துருவோம். வந்தா ஒட்டடை அடிக்கச் சொல்வாங்க” என்பது காரணம். நீர் உள்ளூரிலேயே கிடைக்கும். ஐந்திணையும் வேண்டுமானால் முழு ஞாயிறு வேண்டும் என்பது இதனால் பெறப்படும். ஒட்டடை மேலாய்வுக்குரியது.