அடுப்பை அணைத்த அண்ணாச்சி

அண்ணாச்சியின் மஞ்சள் பையில் என்ன இருக்கும் என்பது பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துப் பக்கம் காலை நடை போகிற அத்தனை பேருக்கும் தெரியும். இரண்டு தேங்காய், அவற்றை உடைக்க ஒரு குட்டி அரிவாள், எவர்சில்வர் தூக்கில் முளைகட்டிய சிறுபயறு, இன்னொன்றில் ஊறிய நிலக்கடலை, மேலே நசுங்காமல் ஒரு சீப்பு கோழிக்கூடு பழம். நாலு சுற்று நடந்ததும் சிமெண்டுத் திண்டில் கடை விரித்துவிடுவார். ஆளுக்கு ஒரு கை பயறு, ஒரு கீற்றுத் தேங்காய், அரைப் பழம். காசு கிடையாது. உபதேசம் உண்டு.

“தின்னும்வே. அவிச்சதைத் தின்னுதான் மனுசன் சீக்காளி ஆனான். அடுப்பு பத்தவச்ச அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கும் அஸ்திவாரம் போட்டாச்சு.”

நாலு பேர் சுற்றி நிற்காவிட்டால் அண்ணாச்சிக்குப் பயறு இறங்காது. எதிரே வருகிறவர் நீரிழிவுக்காரரா, பல்செட் கட்டியவரா, வீட்டில் ஐந்து இட்லியை முடித்துவிட்டு வருகிறவரா என்றெல்லாம் பார்ப்பதில்லை. கையை நீட்ட வைத்து, பயறை வைத்து, விரல்களையும் அவரே மூடிவிடுவார்.

பச்சைத் தீனி இவருக்குப் பிறவிப் பழக்கம் அல்ல. மின்வாரியத்தில் வேலை பார்த்தவரை காலையில் எட்டு இட்லி, பதினொரு மணிக்கு உளுந்தவடை, சாயங்காலம் நெல்லையப்பர் கோயில் பக்கம் போனால் இருட்டுக்கடை வரிசையில் முன்னால் ஓர் இடம். வாழையிலைத் துண்டில் நூறு கிராம் அல்வாவை வாங்கி, நெய் விரலில் வழிய நின்றபடியே முடிப்பார். ஓய்வு பெற்ற மறு வருடம் ரத்தப் பரிசோதனைத் தாளில் சர்க்கரையும் கொழுப்பும் போட்டி போட்டுக்கொண்டு ஏறியிருந்தன. பயந்துபோன மனுஷனிடம் யாரோ இயற்கை உணவுப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார்கள்.

இந்தச் சீமைக்கு இதெல்லாம் புதிதும் அல்ல. மேற்கு மலையடிவாரத்தில், கடையத்தை அடுத்த சிவசைலத்து நல்வாழ்வு ஆசிரமத்தின் பேரைக் கேள்விப்படாத இயற்கை உணவு அன்பர் இந்தப் பக்கம் கிடையாது. அண்ணாச்சியும் ஒரு முகாமுக்குப் போனார். மூன்று நாள் தேங்காயும் பழமும், காலையில் வெண்பூசணிச் சாறு, நெற்றியிலும் வயிற்றிலும் ஈரத்துணி. திரும்பி வந்தபோது இரண்டு கிலோ குறைந்திருந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே அடுக்களைக்குப் போய் சிலிண்டரின் ரெகுலேட்டரைத் திருகி மூடினார்.

அடுப்பு ஓய்ந்தது, அண்ணாச்சியின் மனைவியான மைனி ஓயவில்லை. சமைக்காத சாப்பாட்டுக்கு எவ்வளவு வேலை என்பது அதைச் செய்கிறவர்களுக்குத்தான் தெரியும். பயறை ராத்திரி ஊறப்போட்டு, காலையில் வடித்து, துணியில் கட்டித் தொங்கவிட்டு, காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும்; சித்திரை வெயிலில் கொஞ்சம் ஏமாந்தால் நாறிப்போகும். வாழைத்தண்டில் நார் எடுக்க வேண்டும். கேரட், பீட்ரூட், வெள்ளரி, தேங்காய் நாலையும் துருவ வேண்டும். சோறு பொங்கிக் குழம்பு வைக்கிற நேரம் இந்தத் துருவலில் பாதிக்குக்கூடப் போதாது. மிக்ஸி ஓடும்போது சூடாகிறதே, சத்து செத்துப்போகுமே என்று ஒருநாள் அண்ணாச்சிக்குச் சந்தேகம் வந்தது. பரணிலிருந்து அம்மிக்குழவியை இறக்கச் சொன்னார். யார் அரைப்பது என்று மைனி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அன்றோடு மிக்ஸிக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

மேலைநாட்டுப் பச்சை உணவுக்காரர்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் தாராளம். சுமார் 48 டிகிரி செல்சியஸ் வரை சூடு காட்டினாலும் பச்சைதான் என்பது அவர்களில் பலருடைய கணக்கு. அந்தக் கணக்கைப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்தால் வம்பு. மே மாதத்து மொட்டை மாடித் தரையில் காயப்போட்ட மோர்மிளகாய் அந்த எல்லையை மத்தியானத்துக்குள் தாண்டிவிடும்.

அண்ணாச்சியின் பேச்சில் காந்தி வராத நாளே இல்லை. “மகாத்மாவே பச்சையாத்தான் தின்னு பாத்தாருவே!” என்பார். உண்மைதான். 1893-இல், இருபத்து மூன்று வயது வக்கீலாக பிரிட்டோரியாவில் இருந்தபோது, ஊறிய கோதுமை, பட்டாணி, அரிசி, உலர்திராட்சை, கொட்டைகள் என்று தின்று பார்த்து, அந்த அனுபவத்தை லண்டன் சைவ உணவுக்காரர்களின் பத்திரிகைக்கு எழுதி அனுப்பினார். 1929-இல் சபர்மதியில் மறுபடி ஆரம்பித்தார். ஆசிரமவாசிகள் சிலரும் கூடச் சேர்ந்துகொண்டார்கள். முதல் தடவை சில நாள்களிலேயே விட்டுவிட்டார். இரண்டாம் தடவை வயிற்றுக்கடுப்பு வந்து கைவிட்டார், அதையும் மறைக்காமல் எழுதினார். அண்ணாச்சியின் உபதேசத்தில் இரண்டு சோதனைகளும் தொடங்கும், இரண்டும் முடிவதில்லை.

ஜூரிச் டாக்டர் பிர்ஷர்-பென்னரும் அவருக்குத் துணை. 1900 வாக்கில் தம் நோயாளிகளுக்குத் துருவிய ஆப்பிளையும் ஊறிய ஓட்ஸையும் கொட்டைகளையும் கலந்து கொடுத்தவர் அவர். இன்று சூப்பர் மார்க்கெட்டில் அட்டைப்பெட்டியில் விற்கிற மூஸ்லிக்கு மூலம் அதுதான். “வெள்ளைக்காரன் சொன்னாத்தான் நம்புவீரு” என்று அண்ணாச்சி இதை எடுத்து விடுவது, எதிரே உட்கார்ந்திருப்பவர் படித்தவராக இருந்தால் மட்டும்.

உள்ளூர்ச் சாட்சிகளும் பலமானவை. ராம நவமிக்கு ஊறவைத்த பாசிப்பருப்பில் தேங்காயும் மாங்காயும் போட்டுக் கொடுக்கிற வடைப்பருப்பு அடுப்பைப் பார்த்ததில்லை. மாவிளக்கு என்பது இடித்த பச்சரிசி மாவும் வெல்லமும்தான்; விளக்கு எரிந்து முடிந்ததும் அப்படியே பிட்டுத் தின்கிறோம். கோவையில் எண்ணெயும் இல்லாமல் அடுப்பும் இல்லாமல் கல்யாண விருந்தே போடுகிறார்கள். கல்லூரிகளில் அடுப்பில்லாச் சமையல் போட்டி வைக்கிறார்கள். அந்தப் போட்டிக்கு ஒரு வருடம் அண்ணாச்சி நடுவராகப் போயிருந்தார். பிள்ளைகள் பிரெட்டையும் பிஸ்கட்டையும் உதிர்த்து உருண்டை பிடித்திருந்ததைப் பார்த்து, “இது பேக்கரி அடுப்புல வெந்ததுல்லா!” என்று பாதிப் பேரைத் தகுதி நீக்கம் செய்துவிட்டு வந்தார்.

அந்தக் கதையை மைதானத்தில் பெருமையாகச் சொன்ன அன்றுதான் சார்வாள் அவரை மடக்கினார். சார்வாள், ஓய்வுபெற்ற வேதியியல் வாத்தியார். அண்ணாச்சி நீட்டிய அவல் கலவையைக் கையில் வாங்கி, மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“அவல் எப்படிவே செய்யுதான்? நெல்லை ஊறப்போட்டு, வறுத்து, சூடு ஆறுமுன்ன இடிக்கான். இந்த வெல்லம்? கரும்புச்சாத்தைக் கொப்பரையில போட்டுக் காய்ச்சுதான். முந்திரிப்பருப்பு? அந்தத் தோட்டுல இருக்கிற எண்ணெய் பட்டா கை பொத்துப்போகும். அவிச்சோ வறுத்தோதான் உடைக்கவே செய்வான். உம்ம கிண்ணத்துல மூணு அடுப்பு எரியுதுவே.”

அண்ணாச்சி ஒரு வாய் மென்றார். ஒரு கவளத்துக்கு முப்பத்திரண்டு மெல்லல் என்பது அவருடைய சட்டம். நன்றாக மென்றுதான் விழுங்க வேண்டும் என்று அமெரிக்காவில் ஹொரேஸ் ஃபிளெச்சர் என்பவர் நூறு வருடத்துக்கு முன்பே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். வீட்டில் அமைதி நிலவுவது அந்த முப்பத்திரண்டு மெல்லலுக்குள் மட்டும்தான் என்பது மைனியின் வாக்குமூலம். மென்று முடித்து நிதானமாகச் சொன்னார்:

“எரியட்டும். எங்க வீட்டுல எரியல்லல்லா?”

வீட்டில் எரியவில்லை என்பதும் அவருடைய நம்பிக்கைதான். அவர் மைதானத்துக்குக் கிளம்பியதும் மைனி பக்கத்து வீட்டு அடுக்களையில் டிகிரி காபி குடிக்கிறாள். வெள்ளிக்கிழமை அங்கேயே உளுந்தங்களியும் கிண்டிக்கொள்கிறாள். கருப்பட்டி மட்டும் இவள் வீட்டுச் சப்ளை.

கல்யாண வீடுகள்தான் அண்ணாச்சிக்குச் சோதனைக் களம். பந்தியில் தம்முடைய டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு, இலையில் விழுகிற ஒவ்வொன்றின் குற்றப்பத்திரிகையையும் பக்கத்து இலைக்காரருக்கு வாசிப்பார். பாவம், பாயசம் வரும்வரை கேட்கிறவரால் எழுந்துபோக முடியாது. ஆனால் மறுவீட்டு விருந்தில் சொதி என்று ஒன்று இருக்கிறதே! தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் காய்கறியும் சேர்ந்து, பக்கத்தில் இஞ்சிப் பச்சடியோடு வருகிற திருநெல்வேலிச் சொதி. மருமகன் வீட்டு விருந்தில் அந்த வாசனை வந்தபோது அண்ணாச்சி தவசிப்பிள்ளையைக் கூப்பிட்டு விசாரித்தார்.

“முதல் பாலை எப்போ ஊத்துவீரு?”

“கடைசியிலதான் அண்ணாச்சி. ஊத்தினதும் கொதிக்க விடமாட்டோம், திரிஞ்சுபோகும். லேசா நுரை கட்டவும் இறக்கிருவோம்.”

“அப்போ முதல் பால் கொதிக்கல. கொதிக்காதது பச்சைதான்.” மூன்று கரண்டி வாங்கிக்கொண்டார். அதற்குள் கிடந்த உருளைக்கிழங்கு வெந்ததா வேகாததா என்ற விசாரணைக்கு யாரும் போகவில்லை.

டெல்லியிலிருந்து மகன் வாங்கிவந்த ராஜ்மாதான் மைதானத்துச் சரித்திரத்தில் மறக்க முடியாதது. பார்க்கச் சிவப்பாக, பளபளவென்று இருந்ததால் அண்ணாச்சி அதையும் முளைகட்டினார். சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் என்ற நச்சுப்புரதம் ஒன்று ஏராளம். நன்றாக ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, கொதிக்கக் கொதிக்க வேகவைத்தால்தான் அது அழியும். நாலைந்து விதையைப் பச்சையாக மென்றாலே வாந்தியும் பேதியும் வரலாம். அண்ணாச்சி ஆளுக்கு ஒரு கை கொடுத்தார். மறுநாள் மைதானத்தில் நடக்க ஆளில்லை. அவரும் வரவில்லை. போனில் விசாரித்தவர்களுக்கு, ஈனஸ்வரத்தில் ஆனாலும் உறுதியாகவே பதில் வந்தது: “கழிவு வெளியேறுதுவே. நல்லதுதான்.”

சளி பிடித்தாலும் கழிவு, சொறி வந்தாலும் கழிவு, தலை சுற்றினாலும் கழிவு. தோல்வி என்ற பேச்சுக்கே இடமில்லாத வைத்தியம் அது. ராஜ்மா சம்பவத்துக்குப் பிறகு சார்வாள் வேறொரு கதை சொன்னார். 2011-இல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தில் தொற்றிய ஈ.கோலை கிருமியால் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் படுத்தார்கள், ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். விதை முளைக்கிற ஈரமும் கதகதப்பும் கிருமிக்கும் தோதுதான். “ஒரு ஆவி காட்டிட்டுக் கொண்டாரும்” என்றார். அண்ணாச்சி கேட்டுக்கொண்டார். மறுநாளிலிருந்து பயறை உப்புத் தண்ணீரில் அலசிக் கொண்டுவந்தார். ஆவி மட்டும் காட்டவில்லை.

அவர் சொல்வதெல்லாம் வெறும் பிதற்றல் என்று ஒதுக்கவும் முடியாது. எண்ணெய்ப் பலகாரமும் சீனியும் போய், பழமும் காயும் வந்த உடம்பில் எடையும் கொழுப்பும் இறங்கத்தான் செய்யும். காயை வேகவைத்தால் வைட்டமின் சி கணிசமாகக் குறையும் என்பதும் சரிதான். அதே நேரம் தக்காளியின் லைகோபீனையும் கேரட்டின் கரோட்டினையும் வெந்த பிறகுதான் உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்கிறது. மரவள்ளிக்கிழங்கில் சயனைடு நஞ்சு கிளம்பும் என்பதால் அதைப் பச்சையாகத் தின்னக் கூடாது. நெருப்பில் வாட்டித் தின்னப் பழகியதால்தான் மனிதக் குடல் சிறுத்து மூளை பெருத்தது என்று 2009-இல் வந்த தம் புத்தகத்தில் வாதாடினார் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து ரிச்சர்ட் ரேங்கம். சிம்பன்சி நாளில் ஏறத்தாழ ஆறு மணி நேரம் மென்றுகொண்டே இருக்கிறதாம். இதைச் சொன்னபோது அண்ணாச்சி கோபப்படவில்லை. “அதுக்குச் சுகர் இருக்கா?” என்று மட்டும் கேட்டார்.

அவரோடு நிஜமாகவே சண்டை போட வேண்டியது ஒரே இடத்தில்தான். தேங்காய்க் கீற்றோடு சேர்த்து, “மாத்திரையைத் தூக்கிப் போடும்வே” என்று அவர் சொல்லும்போது. அதை நம்பித் தபால்காரர் ஒருவர் டாக்டரைக் கேட்காமல் சர்க்கரை மாத்திரையை நிறுத்தி, இரண்டாவது வாரம் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போனதும், ராத்திரி பூரா வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததும் அண்ணாச்சிதான். அதற்குப் பிறகு அந்த வாக்கியத்தை மட்டும் உபதேசத்திலிருந்து எடுத்துவிட்டார்.

மூன்றாம் வருட முடிவில் அவருக்கே கால் மரத்துப்போக ஆரம்பித்தது. கழிவு பாதம் வழியாக இறங்குவதாகக் கொஞ்ச நாள் சமாளித்தார். மகள் வலுக்கட்டாயமாக டாக்டரிடம் கூட்டிப்போனாள். பி12 அடிமட்டத்தில் இருந்தது. பாலையும் மோரையும் தயிரையும் விட்டவர்களுக்கு இது வருவது சகஜம். செடிகொடிகள் தருகிற சத்து அல்ல அது, நுண்ணுயிர்கள் உண்டாக்குவது. ஜெர்மனியில் நெடுநாள் பச்சை உணவுக்காரர்களை ஆராய்ந்து 2005-இல் வெளியிட்ட ஆய்வில், ரத்தத்தில் கெட்ட கொழுப்பு குறைவாக இருந்ததைப் பாராட்டியவர்கள், மூன்றில் ஒருவருக்கும் அதிகமானோருக்கு பி12 குறைந்திருந்ததையும் எழுதியிருந்தார்கள்.

மருந்துச் சீட்டைப் பார்த்துவிட்டு அண்ணாச்சி டாக்டரிடம் ஒரே சந்தேகம் கேட்டார்.

“இந்த மாத்திரையை அடுப்புல வச்சுத்தான் செய்வாங்களா?”

டாக்டர் சிரிக்காமல் பதில் சொன்னார். “பாக்டீரியாவைத் தொட்டியில வளத்து, நொதிக்க வச்சு எடுக்கறது, ஐயா.”

“அப்படிச் சொல்லுங்க! நம்ம பயறு முளைக்கிற மாதிரிதான்.” அண்ணாச்சியின் முகம் மலர்ந்துவிட்டது. நொதித்த அந்தக் குழம்பை எண்பது டிகிரிக்கும் மேலே சூடாக்கித்தான் பி12-ஐப் பிரித்தெடுக்கிறார்கள் என்ற விவரத்தை டாக்டர் தமக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை மஞ்சள் பையில் ஒரு புது டப்பா இருந்தது. சிமெண்டுத் திண்டில் பயறு, கடலை, தேங்காய், பழம், அவற்றுக்குப் பக்கத்தில் ரோஸ் நிற மாத்திரை அட்டை. “இதுவும் இயற்கை உணவுதான்வே, டாக்டரே சொல்லிட்டாரு” என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அட்டையைக் காட்டி, பி12 பார்த்தாச்சா, எவ்வளவு இருக்கு என்று கணக்கெடுக்கத் தொடங்கினார். தபால்காரர் தூரத்திலிருந்தே கும்பிட்டுவிட்டுச் சுற்றுப்பாதையை மாற்றிக்கொண்டார். சார்வாள் மட்டும் வந்து உட்கார்ந்து, அட்டையின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். பிறகு ரொம்பப் பணிவாகக் கேட்டார்:

“அண்ணாச்சி, இதையாவது நாலு இட்லி தின்னுட்டுப் போட்டுக்கலாமா?”