லைசென்ஸ்காரர்

கல்யாண மண்டபத்தில் அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். தொளதொளவென்று தைத்த வெள்ளைச் சட்டை. பந்தியில் உட்காருமுன் வலது இடுப்பை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்வார். வாசலைப் பார்த்த, சுவரோர நாற்காலிதான் வேண்டும். விஷயம் தெரிந்தவர்கள் இலையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்வார்கள். உண்மையில் அந்த இடுப்பில் பெரும்பாலும் இருப்பது மூக்குக்கண்ணாடிக் கூடு. 'சாமான்' வீட்டில், பீரோவுக்குள். பீரோ சாவி அரைஞாண் கயிற்றில். ஆதார் எண்ணைக் கேட்டால் மகனைக் கூப்பிடுவார்; ரிவால்வர் எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். லைசென்ஸ் வாங்கிய கதையை அவர் வாயால் கேட்க வேண்டும். வி.ஏ.ஓ.வில் ஆரம்பித்து, தாசில்தார், ஸ்டேஷன், டி.எஸ்.பி. என்று ஃபைல் படிப்படியாக ஏறிக் கலெக்டர் மேசைக்குப் போக வேண்டும். காரணம் என்ற கட்டத்தில் 'உயிருக்கு ஆபத்து' என்று எழுதிவிட்டார். யாரால் என்று விசாரணையில் கேட்டார்கள். ஊரில் அவருக்கு விரோதி என்று ஒரு ஆள் கிடையாது. கடைசியில் பங்காளி ஒருவரோடு வரப்புத் தகராறு என்று சொல்ல வேண்டியதாயிற்று. விசாரிக்க வந்த போலீஸ்காரருக்கு அந்தப் பங்காளியே திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்து, "ஆமாங்க, தகராறுதாங்க, எங்களுக்குள்ள பேச்சுவார்த்தையே இல்லீங்க" என்று சாட்சி சொன்னார். அன்று சாயங்காலம் இருவரும் ஒரே காரில் மாசாணியம்மன் கோயிலுக்குப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரைபிள் கிளப் வேப்பமரத்தடியில் இவரைப் போன்ற லைசென்ஸ்காரர்கள் நாலைந்து பேர் கூடுவார்கள். சுடுவது அரை மணி நேரம் என்றால் பேச்சு மூன்று மணி நேரம். தோட்டா விற்கும் விலையில் பேச்சுத்தான் கட்டுப்படியாகும். அதுவும் இல்லாமல் தோட்டாவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். பேச்சுக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை.

அங்கே கட்சிகள் உண்டு. நம்மவர் கான்பூர் கட்சி. அரசாங்கத் தொழிற்சாலையில் செய்த பாயிண்ட் 32 ரிவால்வர், ஆறு அறை. பழைய வெப்லி மாதிரியில் நடுவில் மடிந்து திறக்கும். ராணுவமும் போலீசும் வைத்திருக்கும் 9 மில்லிமீட்டர் போன்றவை பொதுஜனத்துக்குத் தடை என்பதால், பாயிண்ட் 32 நம்மூர் ரிவால்வர்காரர்களின் தேசிய அளவாகவே ஆகிவிட்டது. "முரட்டுச் சாமானுங்க, ட்ரிக்கர் கொஞ்சம் கனம். ஆனா கனம் நல்லதுங்க, அவசரத்துல ஆள் ஒரு தடவ யோசிப்பான்" என்பது அவர் வாதம். எதிர்க்கட்சித் தலைவர் ஒரு எஸ்டேட் வாரிசு. பெட்டிக்குள் தாத்தா காலத்து இங்கிலீஷ் வெப்லி. எண்பதுகளின் நடுவில் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியபிறகு அந்த மாதிரிப் பழைய சாமான்களின் விலை பல லட்சத்துக்குப் போய்விட்டது. அதனால் அவர் சுடுவதே இல்லை. திறந்து காட்டுவார், மூடுவார். மூன்றாமவர் இரட்டைக்குழல்காரர். ரிவால்வரே பொம்பளைப் பிள்ளைகள் சமாச்சாரம் என்ற நினைப்பு அவருக்கு. எல்.ஜி., எஸ்.ஜி. என்று தோட்டா வகைகளைச் சொல்லும்போது குரலே மாறிவிடும்.

பொம்பளைப் பிள்ளைகள் என்றதும் 2014 ஞாபகத்துக்கு வருகிறது. அந்த ஜனவரியில் கான்பூரிலிருந்து 'நிர்பீக்' என்ற ரிவால்வர் வந்தது. பெண்களின் கைப்பைக்கு ஏற்றது என்று விளம்பரம். அரைக் கிலோ எடை, 1 லட்சத்து 22 ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலை. வேப்பமரத்தடியே அல்லோலகல்லோலப்பட்டது. நம்மவர் வீட்டுக்கு ஓடி, "உனக்கு ஒண்ணு வாங்கீரலாமா?" என்று கேட்டார். வீட்டுக்காரம்மா பருப்புக் கடைந்துகொண்டே, "அந்தக் காசுக்கு அஞ்சு பவுன் வருமுங்க" என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது.

கதைகளுக்கு வருவோம். இவர்கள் கதையில் 1972-க்குப் பிறகு எந்தப் புலியும் செத்ததில்லை. அந்த வருஷம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டதல்லவா? அதற்கு முன் தாத்தாக்கள் சுட்ட புலிகள்தான் இன்னமும் வருஷத்துக்கு ஒரு சாண் நீளமாகிக்கொண்டிருக்கின்றன. வால்பாறைப் புலி ஒன்று, நான் முதலில் கேட்டபோது ஒன்பது அடி இருந்தது. இப்போது ஜீப்பில் ஏற்ற முடியவில்லையாம், லாரி கேட்கிறது.

எம்.ஜி.ஆர். சுடப்பட்ட கதை இல்லாமல் கூட்டம் கலையாது. 1967 ஜனவரி 12, ராமாவரம் தோட்டம், எம்.ஆர். ராதா. ஊர் உலகம் அதில் அரசியலைப் பார்த்தது, சினிமாவைப் பார்த்தது, எம்.ஜி.ஆரின் குரல் மாறியதைப் பார்த்தது. வேப்பமரத்தடி பார்ப்பது தோட்டாவை. "பழைய தோட்டாவா இருந்திருக்கோணும். பவுடர் செத்துப்போயிருக்கும். புதுசா இருந்திருந்தா தமிழ்நாட்டுச் சரித்திரமே வேறங்க" என்று கான்பூர் கட்சி தீர்ப்புச் சொல்லும். வெப்லி கட்சி அதையும் ஒப்புக்கொள்ளாது.

இவரோடு சினிமாவுக்கு மட்டும் போகக் கூடாது. ஹீரோ சுடச் சுட இவர் விரல்விட்டு எண்ணுவார். ஏழு வந்ததும், "ஆறு அறைதானுங்களே!" என்று பக்கத்து சீட்டுக்காரரின் தொடையில் தட்டுவார். ரிவால்வரில் சைலன்ஸர் மாட்டி வில்லன் வந்தாலோ எழுந்தே நிற்பார். உருளைக்கும் குழலுக்கும் நடுவே சந்து இருக்கிறது, சத்தமும் புகையும் அதன் வழியாக வெளியே வந்துவிடும், முனையில் என்ன மாட்டினாலும் பலனில்லை என்று மூன்று வரிசைக்குக் கேட்கும்படி விளக்குவார். "ரஷ்யாக்காரன் நாகன்ட் மட்டும் விதிவிலக்குங்க, அதுல உருளை முன்னால நகர்ந்து சந்தை அடைச்சிரும்." அதற்குள் வில்லன் நாலு பேரைக் கொன்றிருப்பான்.

இவ்வளவு சிரித்துவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். ஒருநாள் அவர் வீட்டில் பார்க்க ஆசைப்பட்டேன். பேரப்பிள்ளைகளைத் தோட்டத்துக்கு அனுப்பினார். கதவைச் சாத்தினார். தோட்டா வேறு பெட்டியில், வேறு பூட்டில் இருந்தது. அதைத் தொடவே இல்லை. ரிவால்வரை எடுக்கும்போதே முனை மூலையிலிருந்த மணல் வாளியைப் பார்த்தது. ஆள்காட்டி விரல் ட்ரிக்கர் வளையத்துக்கு வெளியே, உடம்போடு நீட்டிக் கிடந்தது. கட்டைவிரலால் தாழ்ப்பாளை அழுத்தினார். குழல் முன்பக்கம் கவிழ, உருளையின் நடுவிலிருந்து நட்சத்திரத் தகடு ஒன்று எழும்பி, சொடுக்கென்று உள்ளே போனது. ஆறு துளைகள். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார், சுண்டுவிரல் நுனியை வைத்தும் பார்த்தார். பிறகு திறந்தபடியே என்னிடம் கொடுத்து, "நீங்களும் எண்ணுங்க தம்பி" என்றார். எண்ணினேன். திரும்ப வாங்கியதும், இரண்டு நிமிஷம் முன்பு தானே பார்த்த அதே ஆறு துளைகளை மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"காலியா இருக்குதுன்னு நெனச்ச துப்பாக்கிதானுங்க ஆளைக் கொல்லுது. தோட்டா இருக்குதுன்னு தெரிஞ்சா எவன் வெளையாடறான்?"

குடிக்கிற நாளில் பீரோ சாவி வீட்டுக்காரம்மாவிடம் போய்விடும். கல்யாணத்தில் வானத்தைப் பார்த்துச் சுடும் வடக்கத்தி வழக்கத்தைப் பற்றிக் கேட்டால் முகம் சுளிப்பார்: மேலே போவது கீழே வராதா? ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் அதற்கு ரெண்டு வருஷம்வரை ஜெயில் என்று வந்தபோது அதிகம் சந்தோஷப்பட்டவர்களில் இவரும் ஒருவர். அதே திருத்தம் ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பதை இரண்டாகக் குறைத்தது. இரட்டைக்குழல்காரர் தன் மூன்றாவதை ஒப்படைத்துவிட்டு வந்த அன்று இவர்தான் துக்கம் விசாரிக்க முதலில் போனார். வாட்ஸ்அப் முகப்பில் துப்பாக்கியோடு போஸ் கொடுக்கும் இளவட்டங்களைக் கண்டால் மட்டும் வாயில் நல்ல வார்த்தை வராது. என் கணக்கில், ஊரில் ஆயுதம் பழகத் தகுதியானவர் ஆயுதத்தைக் கண்டு இந்த அளவுக்காவது பயப்படுகிறவர்தான்.

ஆயுத பூஜைக்கு அரிவாள், கடப்பாரை, மோட்டார் ஸ்டார்ட்டர் வரிசையில் ரிவால்வரும் சந்தனம் குங்குமத்தோடு உட்காரும். மறுநாள் முழுக்க ராங்கூன் ஆயிலும் துணியுமாக அந்தச் சந்தனத்தைச் சுரண்டுவதுதான் வேலை. துரு பிடித்தால் சரஸ்வதியா வந்து துடைப்பாள்?

போன வருஷம் மகளைப் பார்க்க டெக்ஸாஸ் போய்வந்தார். எல்லோரும் ஆவலோடு காத்திருந்தோம். திரும்பி வந்தவர் இழவு வீட்டுக்குப் போய்வந்தவர் மாதிரி இருந்தார். கடைக்குப் போனாராம். சுவர் முழுக்கத் துப்பாக்கி. ஒரு ஃபாரம் நிரப்பி, கம்ப்யூட்டரில் சரிபார்த்து, கையில் கொடுத்துவிடுகிறார்கள். 2021-லிருந்து அங்கே 21 வயது முடிந்தவர் கைத்துப்பாக்கியை இடுப்பில் சொருகிக்கொண்டு நடக்க லைசென்ஸே வேண்டாம். குற்றப் பின்னணி போன்ற சில தடைகள் இல்லாமல் இருந்தால் போதும். பக்கத்து வீட்டுக்காரரிடம் பதினாலு இருந்ததாம். "பதினாலுக்கும் சேத்து தாசில்தார் கையெழுத்து ஒண்ணு இல்லீங்க" என்றார். ஒரு வாரம் மனசு ஆறவில்லை.

இங்கேயோ தேர்தல் தேதி அறிவித்தால் போதும், துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். 2019-இல் மக்களவை, வருஷக் கடைசியில் ஊராட்சி, 2021-இல் சட்டமன்றம், 2022-இல் நகராட்சி, 2024-இல் மறுபடி மக்களவை. அந்தத் தடவை மார்ச் 16 அறிவிப்பு, ஏப்ரல் 19 ஓட்டு, ஜூன் 4 எண்ணிக்கை. ரெண்டரை மாசத்துக்கு மேல் சாமான் ஸ்டேஷனில். அறிவிப்பு வந்த மறுநாளே முதல் ஆளாகப் போய் நின்றார். வெள்ளைத்துணியில் சுற்றி, எண்ணெய் போட்டு, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் உள்ளே வைத்து. ரைட்டர் எண்ணைக் குறித்து ரசீது போட்டார். "நாட்டுத் துப்பாக்கிகளோட சேத்து அடுக்கீராதீங்க" என்று ரெண்டு தடவை சொன்னார். ரசீதை லேமினேட் செய்யக் கடைக்குப் போகும் வழியில் கேட்டேன்:

"உயிருக்கு ஆபத்துன்னுதானே வாங்கினீங்க? இந்த ரெண்டரை மாசம் என்ன பண்ணுவீங்க?"

"நாய் இருக்குதுங்களே, ராஜபாளையம்."

"அது போதுமா?"

"போதுமுங்க. அதுக்கும் லைசென்ஸ் எடுத்தாச்சு."