காருக்கு அழுவுற பேராண்டிக்கு

ஏண்டா பேராண்டி, காரு வாங்கப் போறவன் மூஞ்சியாடா இது? என்னா வெசனம் உனக்கு? வரியா? 2023ல ஏத்துன வரிய நெனைச்சு இன்னுமா பொருமிக்கிட்டு இருக்க? போன்ல எவனோ ஒருத்தன் தொண்டை கிழியப் பேசுறானே, அதத்தான் காலையிலேருந்து பாத்துக்கிட்டு இருக்கியா?

வா, திண்ணையில உக்காரு. நாங்கள்லாம் சைக்கிளுக்கே வரி கட்டுன ஆளுங்கடா. பணத்தக் கட்டுனா தகர வில்லை ஒண்ணு குடுப்பாங்க, அத வண்டியில மாட்டிக்கிட்டுத் திரியணும். எங்கிட்டப் போயி காரு வரிக் கதை சொல்ற.

நடந்தது இதுதான். 2023 அக்டோபர்ல சட்டசபையில மசோதா கொண்டாந்தாங்க. கொண்டாந்தது அப்ப போக்குவரத்து மந்திரியா இருந்த சிவசங்கர். வேற யாரோ இல்ல, வெள்ளாத்தத் தாண்டி அந்தாண்ட போனா அவரு 2021ல செயிச்ச குன்னம் தொகுதிதான். நவம்பர் 9லேருந்து அமலுக்கு வந்துச்சு. அதுவரைக்கும் 10 லட்சத்துக்குள்ள காருன்னா ஆயுள் வரி நூத்துக்கு 10, மேல போனா 15. அத நாலாப் பிரிச்சாங்க. 5 லட்சம் வரைக்கும் 12, 10 லட்சம் வரைக்கும் 13, 20 லட்சம் வரைக்கும் 18, அதுக்கும் மேலன்னா 20.

அப்ப எதிர்க்கட்சித் தலைவரா இருந்த எடப்பாடி பழனிசாமி கண்டிச்சாரு. ஏத்துன வரியத் திரும்ப வாங்குன்னாரு. நல்ல காரியம்தான், நான் ஒண்ணும் குத்தம் சொல்லல. கேக்கவே குளுகுளுன்னு இருந்துச்சு. ஆனா எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கு பாரு, பழசு மறக்காது. 2017 மார்ச்சுல பெட்ரோல் வரிய நூத்துக்கு 27லேருந்து 34க்கு ஏத்துனாங்களே, டீசலை 21.43லேருந்து 25க்கு ஏத்துனாங்களே, அப்ப முதலமைச்சர் யாருடா? இதே ஐயாதான். நாற்காலியில உக்காந்து ஒரு மாசம்கூட ஆவல. காரு வரியாவது வாங்குற அன்னிக்கு ஒரு தடவ அழுதுட்டுப் போயிரலாம். பெட்ரோல் வரி? பங்குக்குப் போறப்பல்லாம் அழுவணும். கொல்லைக்கு டிராக்டர் விடுறவன், தக்காளி லோடு ஏத்துறவன், டவுன் பஸ்ஸுல தொங்குறவன் எல்லாரும் சேந்து அழுவணும்.

உடனே என்னை அந்தக் கட்சின்னு எழுதிப்புடாத. 2018 ஜனவரியில பஸ் கட்டணத்த ஏத்துனப்ப எதிர்க்கட்சித் தலைவரா இருந்த ஸ்டாலின் ரோட்டுக்கே வந்துட்டாரு. சத்தம் தாங்காம, ஏத்துனதுல கொஞ்சத்த அந்த மாசமே கொறைச்சாங்க. சபாஷ்! அப்புறம் 2021 எலெக்சன்ல அவரு கட்சிக்காரங்க பெட்ரோலுக்கு 5 ரூவா கொறைப்போம்னு சொன்னாங்க. செயிச்சு வந்து ஆகஸ்ட்டுல கொறைச்சது 3 ரூவா. ரெண்டு வருசம் போனதும் காரு, பைக்கு வரி ஏறிடுச்சு. வித்தியாசம் ஆளுல இல்லடா, உக்காந்திருக்கிற எடத்துல.

இறையூரு சக்கரை ஆலைக்குக் கரும்பு வண்டி போவுறப்ப நான் எத்தினி தடவ பாத்திருப்பேன் தெரியுமா? வண்டிக்குப் பின்னால நடந்து வர்றவன், "ஐயோ பாவம், மாட்டுக்கு இம்புட்டு பாரமா"ம்பான். அவனையே வண்டி மேல ஏத்தி ஓட்டச் சொல்லு. வாய்க்கா மேட்டுக்கு வர்றதுக்குள்ள தார்க்குச்சியக் கையில எடுத்துருவான்.

இன்னொரு வேடிக்க கேளு. எல்லாரும் காரு காருன்னே கத்துனாங்களே, பைக்கப் பத்தி உங்க போன்ல எம்புட்டு சத்தம் வந்துச்சு? நூத்துக்கு 8 இருந்த வரி, 1 லட்சம் வரைக்கும் 10, மேல போனா 12 ஆச்சு. 90,000 ரூவா பைக்குக்கு 7,200 கட்டுனவன் இப்ப 9,000 கட்டுறான். விருத்தாசலத்துல பீங்கான் கம்பெனிக்கு வேலைக்குப் போறவனுக்கு வண்டிதான் காலு. அவன் வாய மூடிக்கிட்டுக் கட்டுனான். 25 லட்சத்துக்குக் காரு வாங்குறவன் 3,75,000 போயி 5 லட்சம் ஆச்சேன்னு ஆகாசத்துக்கும் பூமிக்கும் குதிச்சான். அவனுக்கென்னடா, பாண்டிச்சேரி இருக்கு! வரி கம்மின்னு அங்க ஒரு வெலாசம் காட்டி வண்டியப் பதிஞ்சிட்டு இங்க ஓட்டுவான். கேரளாவுல 2017ல அப்புடிப் பதிஞ்ச சினிமாக்காரங்க மேல கேசே போட்டாங்க. அதுல ஒருத்தரு எம்.பி. வேற. வரிய எதுத்து நாலு வார்த்தை பேசுறத விட, பாண்டிக்கு ஒரு நட நடக்கிறது அவங்களுக்குச் சுளுவு.

நீ வாங்கப் போறது எம்புட்டு? ஒம்பதரை லட்சமா? அப்ப பழைய கணக்குக்கு 95,000. இப்ப 1,23,500. கூடுதல் 28,500. வலிக்கும்தான், இல்லேங்கல. ஆனா ராசி நம்பர் வேணும்னு ஒருத்தன் பின்னால அலையுறியே, அதுக்கு எம்புட்டு எடுத்து வச்சிருக்க? பாட்டுப் பொட்டிக்கு? சீட்டு உறைக்கு? பெரளயகாளேசுவரர் கோயில் வாசல்ல பூசை போட்டு, எலுமிச்சம்பழத்த நசுக்கி, நாப்பது பேருக்குப் பிரியாணி போடணும்னு உன் ஆத்தா சொன்னாளே, அதுக்கு? அதுக்கெல்லாம் எந்தக் கட்சிக்காரன் அறிக்கை விடுவான்?

இனி எவனாவது மைக்கப் புடிச்சு வரிய எதுக்குறேன்னா கைதட்டு, வேணாங்கல. தட்டுன கையோட மூணே மூணு கேளு. நீ வந்தா கொறைப்பியா? எம்புட்டு? எந்தத் தேதியிலேருந்து? மொதக் கேள்விக்கு எல்லாரும் தலையாட்டுவான். ரெண்டாவதுக்கு இருமல் வரும். மூணாவதுக்குள்ள அவனுக்கு அடுத்த கூட்டத்துக்கு நேரமாயிடும், பாத்துக்க.

அது கெடக்கட்டும். நாளைக்குக் களத்துல மல்லாட்ட கொட்டணும். உங்க அப்பன் வூட்டு வாசல்ல மாடு கட்டியிருக்கான். காரக் கொண்டாந்து எங்கடா நிறுத்துவ?