பழகிய பூமிக்கு மறுபடியும்
வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: சிறு வயதில் அண்ணனின் கணினியில் 'மாரோவிண்ட்' விளையாடினேன். 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' வரிசையில் பிறகு வந்த ஆட்டங்கள் வேறு நாடுகளுக்குப் போய்விட்டன. அடுத்த ஆட்டமாவது அந்தச் சாம்பல் தீவுக்குத் திரும்ப வேண்டும் என்று ஏங்குவது பைத்தியக்காரத்தனமா?
– கல்லூரி மாணவர், நிபோங் திபால்

பதில்: இல்லை, தம்பி, அது நன்றியுணர்ச்சியின் ஒரு வடிவம். 2002-ஆம் ஆண்டில் வெளிவந்த அந்த ஆட்டத்தில், ராட்சதக் காளான்களுக்குள் மாளிகை அமைத்து வாழும் மந்திரவாதிகளையும், நெடுங்கால் பூச்சியொன்றின் முதுகிலேறி ஊர்விட்டு ஊர் செல்லும் பிரயாணிகளையும், எரிமலைச் சாம்பலை வாரிக்கொண்டு வரும் புயலையும் கண்டவர்கள் அந்தப் பூமியை எளிதில் மறப்பதற்கில்லை. அதிலும் விசேஷம் யாதெனில், போக வேண்டிய இடத்தை அம்புக்குறியிட்டுக் காட்டும் வசதி அங்கே கிடையாது. 'ஆற்றோரமாகப் போ, பாலம் தாண்டியதும் இடப்பக்கம் பிரியும் பாதையைப் பிடி' என்ற பாணியில் ஊரார் சொல்லும் அடையாளங்களை நம்பி நடந்து, வழி தவறி, திரும்பி வந்து, கடைசியில் கண்டுபிடித்தாக வேண்டும். அவ்விதம் தன் பிரயாசையால் வழி கண்ட ஊரை மனிதன் ஆயுள் முழுவதும் தன் ஊராகவே கொண்டாடுகிறான். அதே வரிசையில் பின்னர் வந்த 'ஸ்கைரிம்' ஆட்டத்துக்கு 2012-இல் வெளியான 'டிராகன்பார்ன்' என்னும் இணைப்பு, பக்கத்துத் தீவில் உங்களை நிறுத்தி, கடலுக்கப்பால் பழைய எரிமலை புகைவதை மட்டும் காட்டியது. 2017-இல் அவ்வரிசையின் இணைய ஆட்டமொன்று அந்தத் தீவையே திறந்துவிட்டது. ஆனால் கதை நடப்பதோ நீங்கள் அறிந்த காலத்துக்குச் சுமார் 700 ஆண்டுகள் முன்பு. நீங்கள் விட்டுவந்த ஜனங்கள் பிறகு என்ன ஆனார்கள் என்பதை அவர்கள் மண்ணிலேயே நின்று அறிய வேண்டும் என்ற உங்கள் அபிலாஷை நியாயமானது, அது நிறைவேறட்டும்.

கேள்வி: என் மகன் ஒரே ஆட்டத்தை முடித்து முடித்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறான். தெரிந்த கதையில் என்ன ருசி?
– ஒரு தாயார், ஜாவி

பதில்: அம்மா, இராமன் அயோத்திக்குத் திரும்பிவிடுவான் என்பது தெரிந்திருந்தும் நம் முன்னோர் ஆண்டுதோறும் காலட்சேபத்துக்குப் போய் முன்வரிசையில் உட்காரவில்லையா? தெரிந்த கதையில் முடிவைப் பற்றிய கவலை ஒழிந்துவிடுவதால், வழியிலுள்ள ஒவ்வொரு மரத்தையும் நின்று பார்க்கும் சாவகாசம் கிடைக்கிறது, அதுதான் ருசி. ஆயினும் காலட்சேபத்துக்கும் மங்களம் பாடி எழுந்திருக்கும் வேளை ஒன்று உண்டு என்பதை மகனுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: இவ்விதம் பழைய களத்துக்குத் திரும்பிச் சென்ற படைப்பு தமிழில் உண்டா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், சுங்கை பாக்காப்

பதில்: ஐயா, அதற்குக் கல்கியைவிடச் சிறந்த உதாரணம் வேண்டியதில்லை. 1941-இல் தொடங்கிய 'பார்த்திபன் கனவு' முடிந்த பின், அதே பல்லவ சாம்ராஜ்யத்துக்கு 1944-இல் 'சிவகாமியின் சபத'த்துடன் அவர் திரும்பி வந்தார். வந்தவர் கதையை முன்னோக்கி நகர்த்தாமல், ஒரு தலைமுறை பின்னால் சென்றார். முதல் நாவலில் போர்த்தொழிலைத் துறந்த சிவபக்தராக நாம் தரிசித்த சிறுத்தொண்டர், இரண்டாவது நாவலில் பரஞ்சோதி என்ற பெயருடன், கல்வி கற்க வந்த கிராமத்து இளைஞராகக் காஞ்சிக் கோட்டைக்குள் முதன்முதலாக நுழைகிறார். முன்பு சக்கரவர்த்தியாகக் கண்ட நரசிம்மவர்மர் இங்கே காதலும் கோபமும் கொண்ட வாலிப மாமல்லராக நிற்கிறார். நாட்டைத் திரும்பக் காட்டுவது மட்டும் போதாது, முன்பு பூட்டியிருந்த அறை ஒன்றைத் திறந்து காட்ட வேண்டும் என்னும் தர்மத்தை, கணினி ஆட்டம் என்ற பேச்சே பிறவாத காலத்தில், அந்த மகானுபாவர் தம் எழுத்தினாலேயே ஸ்தாபித்துவிட்டார்.

கேள்வி: 'பொன்னியின் செல்வ'னின் ஐந்து பாகங்களை முடித்தும் மனம் ஆறவில்லை. அதற்குத் தொடர்ச்சி ஏன் வரவில்லை?
– வாசகி, சிம்பாங் அம்பாட்

பதில்: சகோதரி, 1950 அக்டோபரில் தொடங்கிய அந்தத் தொடர் 1954 மே மாதத்தில் முடிந்தது; அவ்வாண்டு டிசம்பர் 5-ஆம் தேதி கல்கி காலமானார். பாத்திரங்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்று வாசகர் கேட்கக்கூடியவற்றுக்கு முடிவுரையிலேயே சமாதானம் சொல்லிவிட்டுத்தான் அவர் விடைபெற்றார். ஆனால் சோழ நாட்டின் கதவை அவர் சாத்திவிட்டுப் போகவில்லை. 'அமுதசுரபி' இதழின் ஆசிரியராக இருந்த விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யில் அதே மனிதர்களைப் பின்தொடர்ந்தார். அகிலன் 'வேங்கையின் மைந்த'னில் இராஜேந்திரன் காலத்துக்கு வந்து, வந்தியத்தேவரை முதியவராக நமக்கு மறுபடியும் அறிமுகம் செய்து, 1963-இல் சாகித்திய அகாதெமியின் பரிசையும் பெற்றார். அந்த இரண்டையும் வாசியுங்கள். கல்கியின் குரலை அவற்றில் தேடாமல் வாசித்தால் மனம் ஆறும்.

கேள்வி: மறுபடியும் செல்ல வேண்டும் என்று தாங்கள் விரும்பும் கற்பனைப் பூமி எது?
– வாசகர், நிபோங் திபால்

பதில்: செண்பகத் தீவு. 'பார்த்திபன் கன'வில் தாய்நாட்டிலிருந்து கப்பலேற்றப்பட்ட சோழ இளவரசன் விக்கிரமன், கடல் கடந்த அந்தத் தீவில் தமிழ் ஜனங்களுக்கு அரசனாகிறான். நாம் அந்த மண்ணில் காலூன்றிச் சுற்றிப் பார்ப்பதற்குள், இரத்தின வியாபாரி வேஷத்தில் அவன் சோழ நாட்டுக்குப் புறப்பட்டுவிடுகிறான். காவிரிக்கரையில் இருந்து படிப்பவருக்கு அது கதையின் நடுவே வரும் ஒரு துறைமுகமாகத் தோன்றலாம். மூன்று நான்கு தலைமுறைகளுக்கு முன் கப்பலேறி வந்து, கரும்பும் ரப்பரும் செம்பனையும் மாறி மாறி ஆண்ட இந்தத் தோட்டப்புறங்களில் வேரூன்றிய நமக்கோ, அரசன் புறப்பட்டுப் போன பின் அத்தீவில் தங்கிவிட்ட ஜனங்களின் கதைதான் பிரதான கதை. அதை எழுத வேண்டிய பேனா இக்கரையில்தான் பிறக்க வேண்டும்.

கேள்வி: நண்பர்களுடன் சேர்ந்து தமிழில் ஒரு கற்பனைச் சாகச ஆட்டம் உருவாக்க ஆசை. களம் எங்கே வைக்கலாம்?
– கணினித் துறை இளைஞர், நிபோங் திபால்

பதில்: கடாரத்தில், அதாவது இன்றைய கெடாவில் வையுங்கள், தம்பி. சாண்டில்யன் 'கடல் புறா'வில் கருணாகரத் தொண்டைமானை அழைத்துக்கொண்டு இந்தக் கடலில் பாய் விரித்த பிறகு, அந்த உலகம் மறு வருகைக்காகக் காத்திருக்கிறது. 1025-இல் இராஜேந்திர சோழனின் கடற்படை கடாரத்தை வென்ற செய்தி தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இருக்கிறது. உங்கள் நாயகன் அந்தப் படையில் வந்தவனாக இருக்க வேண்டியதில்லை. சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைக்காரனின் மகளாகவோ, பருவக்காற்று திரும்பும் வரை ஊருக்குப் போக வழியின்றித் துறைமுகத்தில் மாதக்கணக்கில் காத்திருக்கும் கற்பூர வணிகனாகவோ இருக்கட்டும். இரகசியக் குறிப்புகளுக்கும் பஞ்சமில்லை: புத்தகுப்தன் என்ற மாலுமி தன் பிரயாணம் சித்தியாக வேண்டிப் பொறித்து வைத்த கல்லை பிரிட்டிஷ் அதிகாரி ஜேம்ஸ் லோ 1834-இல் கண்டெடுத்தது நமது செபராங் பிறையில்தான், இப்போது அது கல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. புக்கிட் மெர்த்தாஜாமின் செயின்ட் ஆன் ஆலய வளாகத்தில் பழைய எழுத்துப் பொறித்த பாறையொன்று இன்றும் கிடக்கிறது. கிரியான் ஆற்றங்கரை மரங்களில் இரவில் மினுக்கும் மின்மினிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அம்புக்குறியை மட்டும் வைக்காதீர்கள். வழியை ஊரார் வாயால் சொல்ல விடுங்கள்.

கேள்வி: பழைய களத்தையே ரசிகர்கள் கேட்டுக்கொண்டிருந்தால் புதுச் சிருஷ்டி எப்படிப் பிறக்கும்?
– வாசகி, நிபோங் திபால்

பதில்: 'மாரோவிண்ட்' வந்தபோது அதுவும் புதிதுதானே, அம்மா? புதியதைத் துணிந்து படைத்தவனிடம்தான் ரசிகன் 'மறுபடியும்' என்று கேட்கிறான்.

கேள்வி: கடாரத்துக்கு நிஜமாகவே போய்ப் பார்க்க முடியுமா?
– பள்ளி மாணவி, நிபோங் திபால்

பதில்: தாராளமாகப் போகலாம், குழந்தாய். பட்டர்வொர்த்தையும் சுங்கை பட்டாணியையும் தாண்டினால் ஜெராய் மலையடிவாரத்தில் மெர்போக் வரும். பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் அங்கேதான். அருகில், ஓடைக்கரையில், 1960-இல் புனரமைக்கப்பட்ட புக்கிட் பத்து பாஹாட் சண்டி என்னும் பழங்கோயிலின் கருங்கல் அடித்தளம் நிற்கிறது. மேலிருந்த மரமும் கூரையும் மறைந்துபோக, தூண்களைத் தாங்கிய குழிக்கற்கள் மட்டும் வரிசையாக எஞ்சியிருக்கின்றன. அந்தக் குழியில் கை வைத்துப் பார், ஒரு தூணின் பருமன் உன் விரல்களுக்குத் தெரியும். ஆனால் தாமதிக்காதே. இதே பள்ளத்தாக்கில் பதினோராம் எண் சண்டி நில மேம்பாட்டு வேலையில் இடிக்கப்பட்ட செய்தி 2013 டிசம்பரில் வெளியாயிற்று. ஆட்டத்திலும் நாவலிலும் உள்ள பூமி, நாம் எத்தனை வருஷம் கழித்துத் திரும்பினாலும் அப்படியே இருக்கும். மண்ணிலுள்ள பூமிக்கு அந்த வரம் இல்லை. வரும் பள்ளி விடுமுறையில் அப்பாவையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு போய் வா. பார்த்ததை எழுதி எனக்கு அனுப்பு, இந்தப் பகுதியில் முதல் இடம் உன் கடிதத்துக்குத்தான்.